அரைத் தானியங்கி

இனிமேல் என் மனைவி வெளியே போய்க் காப்பி குடிக்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை நான் முடிவு செய்தேன்.

முடிவு செய்தேன் என்றால் மனத்துக்குள். எங்கள் வீட்டில் முடிவுகளை நான் மனத்துக்குள் எடுப்பேன், எட்டா வாய்விட்டு எடுப்பாள். அவளுடையவைதான் அமலுக்கு வரும்.

எட்டா என் மனைவி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அந்தோனியெட்டா. ஊரே அதைச் சுருக்கி எட்டா என்று கூப்பிடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து நானும் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறேன். பெயர்ப் பொருத்தம் அப்படி.

நான் லிவியோ. இத்தாலியில் திரியெஸ்தே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இந்த ஊர் குடிக்கிற காப்பிக் கொட்டையில் பாதி மூட்டைகள் என் கையால் கப்பலிலிருந்து இறங்கியவை. கௌரவமான வேலைதான், ஆனால் தனிமை. வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான். பேச்சுத் துணைக்குக் கடற்பறவை ஒன்று வந்து கண்ணாடியில் உட்காரும். நான் சொல்வதைப் பாதி வரைக்கும் கேட்டுவிட்டு, தன் அபிப்பிராயத்தைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் பறந்துபோகும்.

அதனால் ஓய்வு பெற்ற அன்று நினைத்தேன், இனி ஆசை தீர எட்டாவோடு பேசலாம் என்று. அவளும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவள். இரண்டு பேருக்கும் வேலை இல்லை. இதைவிட என்ன வேண்டும்? அவள் சமையலறைக்குப் போனால் நானும் போவேன். துணி காயப்போட்டால் கிளிப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசுவேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசுவேன். அவ்வளவு ஒட்டுதலான தம்பதி நாங்கள்.

ஆனால் தினமும் காலை பத்து மணி அடித்தால் எட்டா கோட்டை மாட்டிக்கொள்வாள்.

“கொஞ்சம் நடந்துட்டு வரேன்.”

“நானும் வரேன்.”

“உன் முழங்காலுக்கு இந்தப் படியெல்லாம் ஆகாது லிவியோ.”

என் முழங்கால் மீது அவளுக்கு இருந்த அக்கறையை நினைத்து நான் பல காலைகள் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். கீழ்த்தளத்து வில்மா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் நெகிழ்ந்துகொண்டே இருந்திருப்பேன்.

சிஞ்ஞோரா வில்மாவுக்கு வீடு இருக்கிறது. ஆனாலும் அவள் குடியிருப்பது மாடிப்படியில்தான். எப்போது இறங்கினாலும், ஏறினாலும், கையில் ஒரு துடைப்பத்தோடு நிற்பாள். துடைப்பம் தரையில் பட்டு நான் பார்த்ததில்லை.

“சிஞ்ஞோர் லிவியோ, உங்க வீட்டம்மா முகத்துல இப்பல்லாம் ஒரு களை வந்திருக்கு.”

“தினமும் நடக்கிறா இல்ல.”

“நடக்கிறாங்களா? முனையில சில்வானோ கடை வரைக்கும் நடக்கிறாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருக்காங்க.”

“காப்பி குடிப்பா.”

“காப்பி ரெண்டு மடக்குல முடிஞ்சுடுமே. மிச்ச நேரம் அவங்க முகத்தைப் பாக்கணும். அப்படி ஒரு சாந்தம், அப்படி ஒரு சிரிப்பு.”

“என்ன பேசிக்கிறாங்க?”

“அதான் விசேஷமே. ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசிக்கிறதில்ல.” வில்மா துடைப்பத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “பேசாமலே புரியுதுன்னா பாத்துக்குங்க.”

மாடியேறி வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். சில்வானோ மனைவியை இழந்தவன். கப்பல் கயிறு மாதிரி மீசை. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. எனக்கு மீசை வராது, தோள் இறங்கிவிட்டது. எட்டா சிரித்து நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

போகாதே என்று சொல்ல முடியாது. எட்டாவிடம் அப்படிச் சொன்னவர்கள் யாரும் அதற்கப்புறம் நன்றாக இருந்ததில்லை. அவளாகவே போகாமல் இருக்கும்படி செய்ய வேண்டும். அவள் அங்கே குடிப்பது காப்போ. எங்கள் ஊரில் சின்னக் கோப்பையில் கெட்டிக் காப்பி இறக்கி, மேலே பால் நுரையை ஒரு குல்லா மாதிரி வைத்தால் அதற்குப் பெயர் காப்போ. அதே காப்போ, அதைவிட நல்ல காப்போ, வீட்டிலேயே கிடைத்தால்? சில்வானோவின் மீசைக்கு என்ன மதிப்பு?

அன்றைக்கே போய் மிஷின் வாங்கினேன்.

கடைக்காரப் பெண் இரண்டு வகை காட்டினாள். ஒன்று முழுத் தானியங்கி. பொத்தானை அழுத்தினால் போதும், கொட்டை அரைபட்டு, காப்பி இறங்கி, பால் நுரைத்து எல்லாம் தானாக நடக்கும். இன்னொன்று அரைத் தானியங்கி. பாதி வேலையை அது பார்க்கும், பாதியை நாம் பார்க்க வேண்டும். கப்பல் மூட்டையெல்லாம் தூக்கிய கை இது, பொத்தான் அழுத்துவதா என்று ரோஷம் வந்தது. அரைத் தானியங்கியைக் காட்டிக் கட்டச் சொன்னேன்.

அரை என்றால் பாதி என்று நினைத்ததுதான் தவறு. ‘கொட்டையை நீயே அரை’ என்று எனக்கு இடப்பட்ட கட்டளை அது. அரைக்க வேண்டியது நான். அரைத்த தூளைக் கைப்பிடி வைத்த கிண்ணத்தில் அளந்து போட்டு, ஓர் இரும்புக் கட்டையால் அழுத்தி, மிஷினின் வாயில் மாட்டித் திருக வேண்டியதும் நான். பாலை நுரைப்பது நான். சிந்தியதைத் துடைப்பது நான். அப்படியானால் மிஷினின் பாதி எது என்று கேட்பீர்கள். சிவப்பு விளக்கு எரியும். அது தானாகவே எரியும், குறை சொல்லக் கூடாது.

நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறி, சமையல் மேடையில் அதை நிறுத்தி, எட்டாவைக் கூப்பிட்டேன்.

“என்ன அது?”

“காப்பி மிஷின். கடையில இருக்கிற மாதிரியே. இனிமே உனக்குக் காப்போ வீட்டுலயே.”

“இங்க இருந்த ரொட்டி டப்பா எங்க?”

“குளியலறைல வச்சிருக்கேன்.”

“ரொட்டியைக் குளியலறைல.”

“தற்காலிகம்தான்.”

எட்டா மிஷினைச் சுற்றிவந்து பார்த்தாள். கடைசி பெஞ்சுப் பையனின் விடைத்தாளைப் பார்க்கிற பார்வை அது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“சரி, போடு.”

போட்டேன். போட்டுக்கொண்டே விளக்கினேன். தண்ணீர் என்ன அழுத்தத்தில் வருகிறது, அது எங்கள் கிரேனின் எண்ணெய்க் குழாயோடு ஒப்பிட்டால் எவ்வளவு, ஒரு முறை பிரேசில் கப்பல் வந்தபோது அந்தக் குழாய் வெடித்து என்ன ஆயிற்று, அந்தக் கப்பலின் சமையல்காரன் எந்த ஊர்க்காரன் என்பது வரைக்கும் சொன்னேன். முதல் கோப்பையில் தூள் பருமனாகிவிட்டது. மழைநீர் குழாயில் கொட்டுவது மாதிரி வெளுத்த தண்ணீராகக் கொட்டியது. அடுத்ததற்கு மாவாக அரைத்தேன். மிஷின் முனகியது, அதிர்ந்தது, ஒரு சொட்டு விட்டது. பிறகு யோசித்து இன்னொரு சொட்டு விட்டது. ஆவிக் குழாயைப் பாலுக்குள் விட்டேன். பால் ஜக்கில் இருக்கப் பிரியப்படாமல் கூரைக்குப் போனது.

“மூக்குக்கண்ணாடியைத் தொடச்சுக்க,” என்றாள் எட்டா.

துடைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்ததை ஒன்றுசேர்த்து அவள் முன்னால் வைத்தேன். குடித்தாள். முழுதும் குடித்தாள். அதற்காக அவளை நான் மதிக்கிறேன்.

“எப்படி?”

“சூடா இருக்கு.”

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“காப்பி குடிச்சிட்டு வரேன்.”

“இப்பதானே குடிச்ச?”

“அதுக்குத்தான்.”

அதன் பிறகு வந்த வாரங்களை நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. காலையில் எழுந்ததும் அரைப்பேன். புளித்தது, கசந்தது, கருகியது, கருகிக்கொண்டே புளித்தது. எல்லாவற்றையும் நானே குடித்ததில் ராத்தூக்கம் போயிற்று. கை நடுக்கம் வந்தது. கை நடுங்கியதால் தூள் சிந்தியது. சமையலறைத் தரையில் நடந்தால் கடற்கரையில் நடப்பது மாதிரி கரகரத்தது. எட்டா ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் காப்பி போடும்போதெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து, என் பேச்சையும் காப்பியையும் சேர்த்து விழுங்கிவிட்டு, பத்து மணிக்குக் கோட்டை எடுத்தாள்.

படியில் வில்மா கேட்டாள்: “சிஞ்ஞோர் லிவியோ, மாடியில யாராவது பல் டாக்டர் குடி வந்திருக்காரா?”

“அது காப்பி அரைக்கிற சத்தம்.”

“ஓ. யாரோ வலியில கத்துறாங்கன்னு நினைச்சேன்.”

“அது நான்தான்.”

கடைசியில் களைத்துப்போனேன். சில்வானோவின் கையில் இருப்பது என் கையில் ஏன் இல்லை என்று நேரிலேயே பார்த்துவிடுவது என்று, எட்டா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவன் கடைக்குள் நுழைந்தேன். கடையில் யாரும் இல்லை. சில்வானோ கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஒரு காப்போ,” என்றேன்.

தலையை ஆட்டினான். அரைத்தான், அழுத்தினான், மாட்டினான். காப்பி தேன் மாதிரி இறங்கியது. பாலை நுரைத்தான். நுரை கோப்பையில் பட்டு மாதிரி படிந்தது. குடித்தேன். என்ன சொல்ல? எட்டா இதற்காகத் தினமும் நான்கு மாடி இறங்கி ஏறுவதில் ஒரு நியாயம் இருந்தது. அது எனக்கு மேலும் வருத்தத்தைத் தந்தது.

ரோஷத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டேன். “சிஞ்ஞோர் சில்வானோ, இந்தப் பாலை எப்படி இப்படி நுரைக்கிறீங்க?”

சில்வானோ தன் காதைத் தொட்டுக் காட்டினான்.

“காதாலயா?”

“கேக்கணும்.”

“யாரைக் கேக்கணும்?”

“பாலை.”

ஜக்கில் மறுபடி பால் ஊற்றி என் கையில் கொடுத்தான். நான் ஆவியைத் திறந்து, துறைமுகத்தில் பால் பவுடர் மூட்டை இறக்கியபோது நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆவிக் குழாய் சீறியது. சில்வானோ கை நீட்டி ஆவியை அடைத்தான்.

“பேசாதீங்க.”

“பேசினா என்ன?”

“கேக்காது.”

அவ்வளவுதான் பாடம். ஆனால் நான் வெளியே வரும்போது, “நாளைக்கு வாங்க, பத்து மணிக்கு,” என்றான். பத்து மணி. எட்டா வருகிற அதே பத்து மணி. எதிரி தானாகவே கோட்டைக் கதவைத் திறந்துவைக்கிறான். கற்றுக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, காவல் காத்த மாதிரியும் ஆயிற்று என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை எட்டாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“டாக்டர் என்னை நடக்கச் சொல்றார். இனிமே காலைல கடற்கரைப் பக்கம் போகலாம்னு பாக்கிறேன்.”

“முழங்கால்?”

“அதுக்குத்தான் நடக்கச் சொல்றார்.”

“சரி. எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம் ஆகலாம்.”

“அவசரமா வராத. நல்லா நட.”

அன்றைக்கு எட்டா சில்வானோ கடைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. நான் கவுண்ட்டருக்குப் பின்னால் ஜக்கைப் பிடித்து நின்றுகொண்டு வாசலையே பார்த்தேன். வெற்றி இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் இருக்கிற இடத்தில் அவனைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். நான் அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்ற அடுத்த வரிக் கணக்கைப் போடவில்லை. கணக்கு டீச்சர் அவள்தானே.

சில்வானோ அவசரப்படாமல் கற்றுக்கொடுத்தான். அப்படி அவசரப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. முதலில் கோப்பை கழுவச் சொன்னான். பிறகு கோப்பையைத் துடைக்க. பிறகு கவுண்ட்டரைத் துடைக்க. காப்பிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “இருக்கு,” என்றான். ஒரு நாள், சட்டையில் கறை படாமல் முன்னால் கட்டிக்கொள்கிற, நீலக் கட்டம் போட்ட ஒரு கவசத்துணியை எடுத்து என் கழுத்தில் மாட்டினான். அன்றிலிருந்து ‘நீங்க’ போய் ‘நீ’ ஆயிற்று. அதை நட்பு என்று எடுத்துக்கொண்டேன். முதலாளிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னொரு நாள் தோளைத் தடவிக்கொண்டே, “தோள்,” என்றான்.

“தோளுக்கு என்ன?”

“வலி. வைத்தியத்துக்குப் போறேன். நீ பாத்துக்க.”

“கடையையா?”

அதற்குள் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டான். அதுவே பழக்கமாயிற்று. நான் வருவேன், அவன் போவான். ஒரு மணி நேரம் ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. எட்டாவிடம் கடற்கரை நீளமாகிக்கொண்டே போகிறது என்று சொல்லிவைத்தேன். “நல்ல காத்து,” என்றாள் அவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

உட்காருவதற்காக ஓய்வு பெற்றவன் நான். இப்போது நின்றேன். பாதம் எரிந்தது, முதுகு விட்டுப்போயிற்று, கைவிரலில் காப்பி வாசனை ஏறி சோப்புக்கும் போகவில்லை. கிரேனிலாவது நாற்காலி இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் நான் பேசினால் கேட்டார்கள். பழைய துறைமுக ஆட்கள் சிலர் தினமும் வந்து நின்றார்கள். பிரேசில் கப்பல் கதையை மறுபடி சொல்லு என்று கேட்டே வாங்கிக் கேட்டார்கள். நீதிமன்றத்தில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் காப்பி ஆறிய பிறகும் போகாமல் சிரித்தார்கள். கடற்பறவையோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம்.

பால்தான் வசப்படவில்லை. நுரைக்கும்போது ஏதாவது ஒரு கதை நடுவில் இருப்பேன். கதையை விட்டுவிட்டு எப்படிப் பாலைக் கேட்பது? ஒரு நாள் கடையில் ஆளே இல்லை. வெளியே போரா என்கிற எங்கள் ஊர்ப் புயல்காற்று ஊரையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. குடை ஒன்று மட்டும் தெருவில் தனியாக ஓடியது. எனக்கோ அசதி. பேச ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. சும்மா ஜக்கைப் பிடித்துக்கொண்டு ஆவியைத் திறந்தேன். முதலில் காகிதம் கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம். பிறகு அது அடங்கி, வேறொரு சத்தம், பூனை தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. ஆவியை நிறுத்தினேன். ஜக்கில் பால் பெயிண்ட் மாதிரி பளபளத்தது. காப்பியின் மேல் ஊற்றினேன். குல்லா உட்கார்ந்தது.

கடையில் ஒருத்தரும் இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. நானே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அமைதியாக இருந்தது. அப்படி ஓர் அமைதி உடம்புக்கு இதமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதை எட்டாவுக்குப் போட்டுக்கொடுக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. வீட்டு மிஷினில் நான் கை வைத்தே பல நாள் ஆகிவிட்டது. சரியான சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே அது வந்தது. கடை மிஷினில் கைப்பிடி மாட்டுகிற இடத்து ரப்பர் வளையம் கிழிந்து, வெந்நீர் நாலா பக்கமும் பீச்சி அடித்தது. சில்வானோ வழக்கம்போலத் தோளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்து, “கொஞ்ச நேரம் ஆகும், நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க, பேச்சுச் சத்தத்துல வேலை ஓடலை,” என்றார். எங்கே போவது? வீட்டுக்கு.

இரண்டாவது மாடியில் வில்மா நின்றாள்.

“என்ன இந்த நேரத்துக்கு வந்துட்டீங்க?” குரலில் ஒரு பதற்றம் தெரிந்தது. அல்லது சந்தோஷம். வில்மாவிடம் இரண்டும் ஒரே குரல்தான்.

“ஏன், வரக் கூடாதா?”

“வரலாம், வரலாம். உங்க வீடு. தினமும் இந்த நேரத்துல மாடியில இருந்து காப்பி வாசனை வரும். அதான் கேட்டேன்.”

“எங்க வீட்டுல இருந்தா?”

“நீங்க போட்டா வராத வாசனை.”

அப்போதுதான் கேட்டது. மேலே, என் வீட்டில், அரைவை மிஷின் ஓடியது. பல் டாக்டர் மாதிரி இல்லை. கடையில் ஓடுவது மாதிரி அளவாக ஓடி, டக்கென்று நின்றது. தேர்ந்த கை.

சில்வானோ தினமும் இந்த நேரத்தில்தான் போகிறான். தோள் வைத்தியம் என்கிறான். எந்த ஆஸ்பத்திரி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னைக் கவசத்துணியில் கட்டிக் கடையில் நிறுத்திவிட்டு, அவன் என் வீட்டுச் சமையலறையில். மிச்ச இரண்டு மாடியை எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. கோபத்தில் ஏறினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்?

சத்தம் போடாமல் சாவியைத் திருகினேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

எட்டா மட்டும் இருந்தாள். ஒரு நாற்காலியில் அவள், எதிர் நாற்காலியில் அவள் கால்கள். மடியில் புத்தகம். மேஜையில் ஒரு சின்னக் கோப்பை, அதன் மேல் அப்பழுக்கில்லாத ஒரு வெள்ளைக் குல்லா. ஜன்னல் வெளிச்சத்தில் மிஷின் பளபளவென்று இருந்தது. ரொட்டி டப்பாவும் அதன் பழைய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டுக்கும் மேடையில் இடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் வில்மா சொன்ன சிரிப்பு. பக்கத்தைப் புரட்டினாள். ஒரு வாய் குடித்தாள்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“மிஷின் ரிப்பேரா?” என்றாள்.

“எந்த மிஷின்?”

“கவசத்துணியோட கடற்கரையில நடக்கிறவங்க யாரு இருக்காங்க லிவியோ?”

குனிந்து பார்த்தேன். நீலக் கட்டம். கழற்ற மறந்திருந்தேன். நாற்காலியிலிருந்து காலை எடுத்தாள். உட்கார்ந்தேன்.

“இதை யார் போட்டது?”

“நான்தான்.”

“நீ எப்படிக் கத்துக்கிட்ட?”

“அந்தக் கடையில தினம் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேனே. எதிர்ல ஒருத்தர் போட்டுக்கிட்டே இருந்தாரு. பாத்தேன்.”

“அவ்வளவுதானா? வெறுமனே பாத்துக்கிட்டா இருந்த?”

“புத்தகம் படிச்சேன். அப்பப்ப பாத்தேன். அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டார் லிவியோ. ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை, அதுவும் ‘சர்க்கரை?’ அதுக்காகத்தான் போனேன்.”

“சர்க்கரைக்கா?”

எட்டா புத்தகத்தை மூடினாள். பள்ளியில் புரியாத பையனுக்கு இரண்டாம் முறை சொல்லித்தருகிற குரலில் பேசினாள். கோபம் இல்லை, அதுதான் எனக்கு வலித்தது.

“நீ மேல கூண்டுல தனியா உக்காந்து பேசாம விட்டதையெல்லாம் சேர்த்துவச்சு எங்கிட்ட பேசுற. எனக்குப் புரியுது. ஆனா நான் வாழ்க்கை முழுக்க வகுப்பு நிறைய சத்தம் கேட்டுட்டு வந்தவ. எனக்குக் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லாம இருந்தா போதும். என் வீட்டுல, என் நாற்காலியில. அதைச் சொன்னா நீ வருத்தப்படுவ. எப்படி வருத்தப்படுறேன்னு மத்தியானம் வரைக்கும் சொல்லுவ.”



“அதனால?” என்று மட்டும் கேட்டேன்.

“சில்வானோவுக்குத் தோள் போயிடுச்சு, காலைல ஒரு ஆள் வேணும்னு தவிச்சிட்டிருந்தாரு. நீ மிஷினைத் தூக்கிட்டு வந்தியே, அன்னைக்கே போய் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர் சீக்கிரமே பால் நுரை பத்திக் கேக்க வருவாரு. நிதானமா சொல்லிக்குடுங்க, உடனே விட்டுடாதீங்கன்னு.”

“கோப்பை கழுவச் சொன்னது?”

“அது அவர் யோசனை.”

எழுந்து மிஷின் பக்கம் போனாள். அரைத்தாள், அழுத்தினாள், மாட்டினாள். பாலை நுரைக்கும்போது தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். நானும் கேட்டேன். காகிதம் கிழிந்தது, பூனை தூங்கியது. கோப்பையை என் முன்னால் வைத்தாள். குடித்தேன். நான் போடுவதைவிட நன்றாக இருந்தது. சில்வானோ போடுவதைவிடவும் கொஞ்சம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

குடித்து முடிக்கும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கோப்பையை வைத்த பிறகும் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கூரைகள் தெரிந்தன. எட்டா என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப ஏன் பேசாம இருக்க?”

“நான் இப்படியே பேசாம இருந்தா, காலைல இங்கயே இருக்கலாமா?”

அவள் என் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது, கோப்பையின் சூடு.

“உன்னால முடியாது லிவியோ. எனக்கும் அது வேண்டாம். நீ பேசாம உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு. இப்பல்லாம் நீ மத்தியானம் வந்து சொல்ற கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கோர்ட்டுப் பொண்ணுங்க கதை, கடற்கரையில கேட்டதா சொன்னியே, அதை நான் தங்கச்சிக்குப் போன்ல சொல்லிச் சிரிச்சேன். காலைல எனக்குக் கொஞ்ச நேரம் விடு. அப்புறம் வந்து பேசு. நான் கேக்கிறேன்.”

இத்தனை நாள் நான் பயந்தது எதற்கு, என்னிடமிருந்து அவள் கேட்டது எவ்வளவு என்று யோசித்தேன். தினமும் காலையில் கொஞ்ச நேரம். ஒரு மனுஷன் தன் மனைவிக்கு அதைக்கூடக் கொடுக்க மாட்டானா? கால் எரிந்தாலும், முதுகு விட்டுப்போனாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்தேன்.

கீழே தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது. “லிவியோ. மிஷின் ரெடி. ஆளுங்க நிக்கிறாங்க.” சில்வானோ என்னிடம் பேசியதிலேயே மிக நீண்ட பேச்சு அது.

எழுந்து கவசத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டேன். கதவு வரைக்கும் வந்து எட்டா என் காலரைச் சரிசெய்தாள்.

“இன்னும் மூணு நாள்தானே,” என்றேன், எனக்கே தைரியம் சொல்லிக்கொள்கிற மாதிரி. “ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுலதான் இருப்பேன்.”

“ஞாயித்துக்கிழமையும் கடை திறக்கச் சொல்லி சில்வானோகிட்ட பேசிட்டேன்,” என்று எட்டா கதவைச் சாத்தினாள்.